பரங்கிமலையிலிருந்து ஒரு மறுப்பு: சென்னையில் மார்மன் நம்பிக்கையின் தற்காப்பு

1. கேள்வி

பெரிய சபைகள் "கள்ளப் போதகம்" என்று ஒதுக்கிவைத்த ஒரு சிறு சபை, தன்மேல் விழும் கண்டனங்களுக்கு விடை சொல்கிறது. அந்த விடையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? யார் வென்றார், யார் வாயடைத்துப் போனார் என்று பார்ப்பது பழைய வழக்கம். அதனால் நமக்குக் கிடைப்பது வெற்றிப் பட்டியல் மட்டுமே. சமய வாதத்தால் யாருக்கு என்ன தெளிவு பிறந்தது என்பது மறைந்துபோகிறது.

இந்தக் கேள்வியை மார்மன்களை வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்களுடைய முறையான பெயர். "மார்மன்" என்ற அடைமொழியைத் தவிர்க்கும்படி சபைத் தலைமை 2018இல் கேட்டுக்கொண்டது. வரலாற்று ஆவணங்களில் பதிந்துவிட்ட பெயர் என்பதால் மட்டுமே அது இங்கே கையாளப்படுகிறது.

களம், சென்னையின் தென்புறம். தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்ரயில் கடந்துபோகும் பரங்கிமலை, 170 ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடம். 1853, 1854ஆம் ஆண்டுகளில் சென்னையில் நடந்த ஒரு துண்டுநூல் சண்டையில் அந்தப் பாசறைக்கும் பங்குண்டு. நம் சமய வரலாறுகளில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

2. இதுவரை எழுதப்பட்டவை

இந்தியாவுக்கு வந்த முதல் மார்மன் ஊழியர்களைப் பற்றி விரிவாக எழுதியவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆர். லேனியர் பிரிட்ச். 1972இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதிய அவர், 1999இல் தனி நூலும் வெளியிட்டார். ஊழியர்களின் நாட்குறிப்புகளை ஊன்றிப் படித்து, அவர்களுடைய தியாகத்தை முன்னிறுத்துகிறார். மொழி தெரியாமை, ஐரோப்பியர் காட்டிய பகை, சாதிக் கட்டுமானம், தாயகத்திலிருந்து இருந்த தூரம் ஆகியவற்றைத் தோல்விக்கான காரணங்களாகக் காட்டுகிறார். டேவிட் விட்டேக்கர் வேறு கோணத்தில் அணுகினார். 1850களில் ரிச்சர்ட் பாலன்டைன் இந்தியாவில் தம் சமயத்தை அச்சின் வழியே தற்காத்த விதத்தைத் தனிக் கட்டுரையாக 1985இல் எழுதினார். பாலன்டைன் என்ற ஊழியருக்குள் இருந்த துண்டுநூல் ஆசிரியரை அதில் காணலாம்.

இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இருவருமே சபையின் தலைமையகம் உள்ள யூட்டாவிலிருந்து சென்னையைப் பார்க்கிறார்கள். சென்னையில் நின்று பார்த்தால் படம் மாறுகிறது. அச்சு இயந்திரத்தைக் கொண்டு சமயப் போர் நடத்துவது அன்றைய சென்னைக்குப் புதிதல்ல. மிஷனரிகளை எதிர்த்துக் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் "கிரசென்ட்" இதழை 1844இலேயே தொடங்கியிருந்தார். சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். மார்மன் துண்டுநூல்களையும் இந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

3. மூவர் வருகை

1852 ஆகஸ்டு 29 அன்று சால்ட் லேக் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில், அதுவரை வெளியே சொல்லாத பலதாரமணக் கொள்கையைச் சபைத் தலைவர்களுள் ஒருவரான ஆர்சன் பிராட் பகிரங்கமாக அறிவித்தார். அதே மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உலகின் பல திசைகளுக்கு ஊழியம் செய்ய அழைக்கப்பட்டார்கள். இந்தியாவுக்கு வந்த அணி 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கியது. அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவரும் ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தார்கள். உலகின் மிகக் கடினமான கொள்கையைச் சொல்லிவிட்டு, அதைத் தற்காக்கவும் அதே கையோடு ஆள் அனுப்பியிருந்தது சபை.

பாலன்டைன் 1817இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பிரெஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்தவர். சால்ட் லேக் நகரில் மார்மன் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849 டிசம்பரில் தொடங்கியவரும் அவரே. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கிழித்துக்கொண்டுதான் கரையேற வேண்டும். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கு ஏறத்தாழ எட்டு மைல். ரயில் இல்லாத காலம். அடையாற்றைக் கடக்க சைதாப்பேட்டையின் மர்மலாங் பாலம் இருந்தது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் 1726இல் கட்டித் தந்த பாலம் அது. பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய தேவாலயத்துக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. மேலே கத்தோலிக்கத் திருத்தலம், கீழே ஆங்கிலிகன் தேவாலயம், சுற்றிலும் பீரங்கிப் படை. மூன்று நூற்றாண்டுக் கிறித்தவம் படிந்திருந்த இந்த மலையடியில்தான், உண்மைச் சபை பூமியிலிருந்து மறைந்து 1830இல் மீண்டும் நிறுவப்பட்டது என்ற செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டவர்கள் யார்? பெரும்பாலும் ஆங்கிலேயச் சிப்பாய்களும் ஐரோப்பியரும் யூரேசியரும்தான். பேச்சு ஆங்கிலத்தில், அச்சும் ஆங்கிலத்தில். மேற்கே பூனாவில் ஹியூ ஃபின்லே என்ற மார்மன் ஊழியர் பாசறைக்குள் பிரசங்கிக்கத் தடை வந்தது. பாசறைச் சுவரும் படைத்துறைப் பாதிரியாரின் செல்வாக்கும் எங்கும் இப்படித்தான் குறுக்கே நின்றன.

4. துண்டுநூல்களின் வாதமுறை

சென்னையில் எதிர்ப்பு அச்சில் வந்தது. "மார்மன் சமயம் என்பது யாது?" என்ற பொருளில் ரெவரெண்ட் ஜே. ரிச்சர்ட்ஸ், எம்.ஏ., ஒரு துண்டுநூல் எழுதினார். பாலன்டைன் அதற்கு மறுப்பு நூல் அச்சிட்டார். பலதாரமணத்தைப் பற்றி 'ஏ', 'பி' என்னும் இருவர் உரையாடுவதாக இன்னொரு நூல் வெளியிட்டார். 1854இல் ஒரு மாத இதழையும் தொடங்கினார். பையும் பணமும் இன்றி ஊழியம் செய்வது மார்மன் ஊழியர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட விதி. ஆனால் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் ரொக்கம் வேண்டும். சோற்றுக்கே பிறர் கையை எதிர்பார்த்தவர்கள் இத்தனை அச்சிட்டார்கள் என்றால், பதில் சொல்லாமல் விடக்கூடாது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு பிடிவாதம் இருந்திருக்க வேண்டும்!

இந்த முறையை எடைபோடத் தமிழ் மரபிலேயே அளவுகோல் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். பிறர் கொள்கையை அவரவர் கூற்றாக முதலில் எடுத்துரைத்து மறுத்த பிறகே தம் கொள்கையை நாட்டுகிறார். மணிமேகலையும் சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் திறத்தைக் கேட்ட பிறகே தன் வழியைத் தேர்கிறாள். எதிர்வழக்கை முழுமையாகச் சொல்லாதவனுக்கு அதை மறுக்கும் தகுதி இல்லை என்பது இம்மரபு விதிக்கும் கடமை. அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். சமணக் காப்பியமான நீலகேசியில் எதிர்வாதிகள் எல்லோரும் தோற்றே ஆக வேண்டும். அவர்களைப் பேசவைப்பது வென்றவரின் எழுத்தாணி. ஏ, பி உரையாடலுக்கும் இதே குறை உண்டு. கேள்வி கேட்பவரையும் பதில் சொல்பவரையும் ஒருவரே எழுதும்போது, கூர்மையான கேள்வி வெளியே நின்றுவிடக்கூடும்.

பலதாரமணக் கண்டனத்துக்கு அன்றைய மார்மன்கள் பொதுவாகச் சொன்ன விடை ஆபிரகாமும் யாக்கோபும்தான். அந்த மூதாதையர் பல மனைவியரோடு வாழ்ந்தும் கர்த்தரின் ஆசியைப் பெற்றவர்களாயிற்றே என்பது வாதம். கண்டிப்பவரின் வேதத்தையே அவர் முன் விரிக்கும் இந்த உத்தி வலுவானது. ஆனால் அதன் எல்லையைக் கவனிக்க வேண்டும். முன்பு அனுமதிக்கப்பட்டது என்பதால் இன்று கட்டளையாகிவிடாது. மனைவியரின் விருப்பம் என்ன, துயரம் என்ன என்ற கேள்விக்கும் இந்த விடையில் இடமில்லை.

சென்னையைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. இங்கே இந்துக்களிடையே பலதாரமணம் அன்று சட்டத்துக்கு உட்பட்டது. சென்னை மாகாணம் அதைத் தடைசெய்தது 1949இல்தான். இரண்டாம் தாரத்தின் கண்ணீரை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கொள்கையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். துண்டுநூல்கள் அவர்களிடம் பேசவே இல்லை. சண்டை முழுவதும் ஆங்கிலேயருக்குள் முடிந்துபோனது. மனம் மாறியவர்கள் யூட்டாவில் சென்று கூட வேண்டும் என்ற அன்றைய போதனையும் இங்கே வேர் பிடிக்கத் தடையானது. ஊரைவிட்டுப் போகச் சொல்லும் சமயம், ஊராருக்கு எதற்காகப் பதில் சொல்லப் போகிறது? பாலன்டைன் 1854 ஜூலையில் சென்னையிலிருந்து கப்பலேறினார். 1856க்குள் இந்திய ஊழியமே முடிவுக்கு வந்தது. சென்னையில் மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

5. அதே ஆண்டு, நாவலர்

1854ஆம் ஆண்டிலேயே ஆறுமுக நாவலரின் "சைவ தூஷண பரிகாரம்" வெளிவந்தது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். எதிராளியின் வேதத்தை வரிவரியாக அறிந்தவர். சைவர்களின் கோயில் வழிபாட்டை மூடத்தனம் என்று மிஷனரிகள் தூற்றியபோது, பழைய ஏற்பாட்டில் சொல்லப்பட்ட யூதரின் ஆலயம், பலி, தூபம், தீபம், தீட்டு விதிகள் ஆகியவற்றை எடுத்துக் காட்டினார். உங்கள் கடவுள் விதித்த கிரியை புனிதம் என்றால், எங்கள் கிரியை மட்டும் எப்படி இழிவாகும் என்று கேட்டார்.

நாவலரும் பாலன்டைனும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உத்தி ஒன்றே. ஆனால் விளைவு வேறு. நாவலர் தமிழில் எழுதினார். தாக்கப்பட்ட மக்களே அவருடைய வாசகர்கள். அந்த நூல் அவர்கள் வீட்டில் இருந்தது, பள்ளியில் இருந்தது, கோயில் பிரசங்கத்தில் இருந்தது. தற்காப்பு வாதம் எதிராளியின் மனத்தை மாற்றுவது அபூர்வம். தன்னவருக்கு நிமிர்ந்து நிற்கத் தெம்பு தருவதே அதன் முதற்பயன். அந்தத் தெம்பைப் பெற்றுக்கொள்ளச் சென்னையில் பாலன்டைனுக்கு ஒரு சமூகம் இல்லை.

6. வாதமின்றி வந்த தொடக்கம்

தமிழரிடையே மார்மன் நம்பிக்கை வேர்விட்டது நூறாண்டு கழித்து, கோயமுத்தூரில். எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் 1954இல் சபையின் வெளியீடு ஒன்றைப் படித்துவிட்டு அமெரிக்கத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1965இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். சபை வேதமாக ஏற்கும் மார்மன் புத்தகத்தின் தேர்ந்த பகுதிகள் தமிழில் வந்தது 1980களின் தொடக்கத்தில். பெங்களூரில் மிஷன் அமைந்தது 1993இல். அங்கே ஆலயம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது 2018இல்.

1853இல் பிரசங்கியார் வந்தார், தமிழரில் கேட்பவர் இல்லை. 1954இல் கேட்பவர் தாமே முன்வந்தார், பிரசங்கியார் வரத்தான் ஆண்டுகள் பிடித்தன. இந்த வேறுபாடு நம் கேள்விக்கு முக்கியமானது. தமிழ் மார்மனுக்கு எதிரே இன்று நிற்பவர் படைத்துறைப் பாதிரியார் அல்லர். பெரும்பாலும் சி.எஸ்.ஐ., பெந்தெகோஸ்தே சபைகளைச் சேர்ந்த உறவினரும் அண்டைவீட்டாருமே. கண்டனமும் ஆங்கிலத்தில் இல்லை. வசன எண்ணோடு தமிழில் வருகிறது.

ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். மார்மன்களுக்கு எதிராக அடிக்கடி எடுக்கப்படுவது வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரம்: இந்தப் புத்தகத்தோடு எதையும் கூட்டக்கூடாது என்ற எச்சரிக்கை. மார்மன் தரப்பின் பதில் இது. உபாகமம் நான்காம் அதிகாரத்திலும் அதே எச்சரிக்கை இருக்கிறது. அதன் பிறகும் தீர்க்கதரிசிகளும் சுவிசேஷங்களும் வந்து சேர்ந்தன. ஆகவே அந்த எச்சரிக்கை அந்தந்த நூலைக் குறிப்பது. இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டபோது புதிய ஏற்பாடு ஒரே நூலாகத் தொகுக்கப்படவில்லை என்பதை விவிலிய ஆய்வாளர்களும் ஏற்பார்கள். ஆனால் இந்தப் பதில் நிறுவுவது என்ன? இன்னொரு வேதம் வரக்கூடும் என்பதை மட்டுமே. வந்தது மார்மன் புத்தகம்தான் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். கண்டிப்பவர் முதலாவதை மறுத்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறார். தற்காப்பவர் அதை நிறுவியதும் எல்லாம் நிலைபெற்றது என்று எண்ணுகிறார். இருவரும் நிற்கும் இடம் ஒன்றே.

7. தாம்பரம், 1938

இந்த வேத விவாதத்தின் அடியில் இருக்கும், இறைவெளிப்பாடு முடிந்துவிட்டதா, யாரிடம் முடிந்தது என்ற கேள்விக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய வரலாறு உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது 1937இல். மறு ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடந்தது. பல நாடுகளிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட பேராளர்கள் வந்தார்கள். டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்கென்றே ஒரு பெருநூல் எழுதியிருந்தார். விவிலிய வெளிப்பாட்டுக்கும் மற்றச் சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்பது அதன் நிலைப்பாடு. சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வெ. சக்கரை முதலியோர் அதே ஆண்டில் வெளியிட்ட தொகுப்பு நூல், இந்தியக் கிறித்தவத்தை இந்திய அனுபவத்திலிருந்தே மறுபரிசீலனை செய்தது. கிரேமருக்கு அதில் பதிலும் இருந்தது.

மார்மன் விவாதத்துக்கு இந்த மாநாட்டிலிருந்து கற்க வேண்டியது வாதத்தின் தரம். எதிராளியின் நூல் முழுதும் படிக்கப்பட்டது. மறுப்பும் நூலாக வந்தது. இரு தரப்பும் ஒரே வளாகத்தில் முகம் பார்த்துப் பேச முடிந்தது. ஒருவரையொருவர் "கள்ளப் போதகம்" என்று சொல்லி வாசலை அடைத்துக்கொள்ளவில்லை. தாம்பரத்தின் பெயர் உலக இறையியல் வரலாற்றில் நிலைத்ததற்கு இந்தத் தரமே காரணம்.

8. எந்தத் தற்காப்பு நிற்கிறது?

மார்மன் சபையின் மேல் வைக்கப்படும் கண்டனங்கள் இருவகை. முதல்வகை வரையறை பற்றியது: அவர்கள் கிறித்தவரா? திரித்துவத்தை அவர்கள் நைசீய அறிக்கையின்படி ஏற்பதில்லை. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001இல் அறிவித்தது. இது அந்தந்தச் சபையின் உள்விதி. கிறிஸ்துவை மீட்பர் என்று அறிக்கையிடுபவரின் நேர்மையை அதைக்கொண்டு அளக்க முடியாது.

இரண்டாம் வகை சான்று பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க வழியில்லை. மார்மன் புத்தகம் பண்டைய அமெரிக்காவில் குதிரையும் எஃகும் இருந்ததாகச் சொல்கிறது. கொலம்பசுக்கு முந்தைய அந்த நாகரிகங்களில் இவை வழக்கில் இருந்ததற்குத் தொல்லியல் சான்று இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணு ஆசியாவைச் சுட்டுகிறது. நூலில் வருவோரை அப்பழங்குடிகளின் முதன்மை மூதாதையர் என்று 1981 பதிப்பின் முன்னுரை சொன்னது. பின்னர் மூதாதையருள் அடங்குவோர் என்று சபையே திருத்திக்கொண்டது. சபையின் இன்னொரு வேதநூலான ஆபிரகாமின் புத்தகத்துக்கு மூலம் என்று சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித் வைத்திருந்த எகிப்தியப் பாப்பிரஸ் துண்டுகள் சில 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்குத் திரும்பி வந்தன. படித்துப் பார்த்த எகிப்தியவியலாளர்கள் அவை இறந்தோர்க்கான சடங்கு ஏடுகள் என்றார்கள்.

இவற்றுக்கு மார்மன் தரப்பில் இருவகை விடைகள் எழுந்தன. ஒன்று, எப்படியாவது விளக்கம் சொல்லி அடைப்பது. மற்றதை பி. எச். ராபர்ட்ஸ் காட்டினார். சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவர். மார்மன் புத்தகத்தை ஆயுள் முழுதும் தற்காத்தவர். 1921இல் வந்த சில கேள்விகளுக்குப் பதில் தேடப் புகுந்தவர், சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து 1922இல் தலைமைக் குழுவின் முன் வைத்தார். ஈத்தன் ஸ்மித் என்ற போதகர் 1823இல் எழுதிய நூலுக்கும் மார்மன் புத்தகத்துக்கும் உள்ள ஒற்றுமைகளையும் பின்பு பட்டியலிட்டார். விமர்சகர்கள் சொல்லக்கூடியதை அவர்களைவிடக் கூர்மையாகச் சொன்னவர் ஒரு விசுவாசி. அந்தக் கைப்பிரதிகள் அச்சேற 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பரபக்கத்தின் இலக்கணத்துக்கு மார்மன் வரலாற்றில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ராபர்ட்ஸின் வழியில் சபையே சற்றுத் தூரம் நடந்தது 2013 முதல் 2015 வரை வெளியான வரலாற்று, கோட்பாட்டுக் கட்டுரைகளில். ஜோசப் ஸ்மித்தின் பலதாரமணங்களை அவை ஒப்புக்கொண்டன. பாப்பிரஸ் துண்டுகளின் எழுத்து ஆபிரகாமின் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டன. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் குருத்துவம் மறுக்கப்பட்ட நிலை 1978இல் நீங்கியது. அதற்கு முன்பு சொல்லப்பட்ட நிறக் காரணங்களைச் சபை 2013இல் வெளிப்படையாகக் கைவிட்டது. பிறப்பால் தீட்டு கற்பிக்கப்பட்டதன் வலியைத் தேவாலய இருக்கையிலும் கல்லறைத் தோட்டத்திலும் கண்ட தமிழ்க் கிறித்தவர்களுக்கு இந்தக் கடைசி ஒப்புதலின் எடையை விளக்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அது போகவில்லை என்பதும் உண்மை. ஆயினும், உண்மையை ஒப்புக்கொண்டதால் சபை சிதைந்துவிடவில்லை. மறைத்துவைத்ததைப் பின்னால் வேறொருவர் சொல்லக் கேட்டவர்களுக்கே நம்பிக்கை ஆழமாகப் புண்பட்டது.

9. முடிவு

1854இன் சென்னையும் 1922இன் சால்ட் லேக் நகரமும் 1938இன் தாம்பரமும் சேர்ந்து இரண்டு கடமைகளைக் கற்பிக்கின்றன. எதிர்வழக்கை எதிராளியே ஒப்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். சான்று எதிராக நின்றால் அந்த அளவுக்குத் தன் கூற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் செய்த பிறகும் எஞ்சியிருக்கும் நம்பிக்கையை வாதத்தால் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஜெபத்தில் கிடைத்த உறுதி என்று ஒரு மார்மன் சொல்வதைத் தொல்லியல் நிரூபிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது. தொல்லியல் பேச வேண்டிய இடத்தில் அந்த உறுதியைச் சான்றாக நீட்டுவது மட்டுமே தவறு.

கண்டிப்பவருக்கும் இதே கடமைகள் உண்டு. மார்மன் புத்தகத்துக்கு மூலமாகச் சொல்லப்படும் பொன்னேட்டுக்குச் சான்று கேட்பவர், தம் வேதத்தின் அற்புதங்களையும் அதே தராசில் வைக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒரு சிறு சபையைப் பார்த்துக் "கள்ளப் போதகம்" என்று சொல்வதற்கு முன் அதன் நூலை முழுதாகப் படித்திருக்க வேண்டும். தென்சென்னையின் ஒரே தெருவில் நான்கு சபைப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன; அவற்றை அடுத்து கோயிலும் பள்ளிவாசலும். இங்கே சிறுபான்மையின் சிறுபான்மையாக வாழும் ஒருவர் அச்சமின்றித் தம் நம்பிக்கையைச் சொல்லவும், கூச்சமின்றித் தம் சபையின் பிழையை ஒப்புக்கொள்ளவும் முடிகிறதா என்பதை வைத்தே நம் சமய விவாதத்தின் தரத்தை அளக்க வேண்டும். அந்த இரண்டு சுதந்திரமும் சேர்ந்தே வரும். ஒன்றைப் பறித்துவிட்டு மற்றதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.